பக்கத்துக் கட்டில் மருந்து

“பணக்காரங்களுக்குப் பாலாட்டம் மருந்து, எங்களுக்குப் பச்சத் தண்ணியா?”

ஹனூரிலிருந்து வந்திருந்த கொத்தனார் பழனி போட்ட சத்தத்தில் மைசூர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் கிடந்த மனைவி பாப்பாத்தி, “சும்மா இருங்க” என்று கெஞ்சினாள்.

பக்கத்துக் கட்டிலில் பட்டுக்கடை ஹரிப்ரசாத்தின் அம்மாவுக்கு வெள்ளை வெளேரென்று டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸ் காவேரி, பாப்பாத்திக்கு ஏற்றக் கொண்டுவந்த பாட்டிலைக் காட்டினாள். “இது புது மருந்துண்ணா. எண்ணெயில கலந்து, கண்ணுக்கே தெரியாத துளியா ஒடச்சிருக்காங்க. அதான் தண்ணி மாதிரி இருக்கு.”

“எண்ணெயும் தண்ணியும் எங்கயாச்சும் கலக்குமா? யாருகிட்டக் கதை உடறே?”

பாட்டிலைப் பிடுங்கித் தரையில் அடித்தான். கண்ணாடி சிதறியது.

ஹரிப்ரசாத் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

“எங்கம்மாவுக்கு ஏறுறது மருந்தில்லடா, சாப்பாடு! வாயில எதுவும் எறங்கல. மருந்தை எப்பவோ நிறுத்தியாச்சு!”

தரையில் ஓடிய ஈரத்தைப் பார்த்ததும் அவர் பிடி தளர்ந்தது.

“நீ ஒடச்சியே, அந்த மருந்தைக் குடுங்கன்னு டாக்டர் கால்லயே விழுந்தேன். அம்மாவுக்கு இனிமே அதுவும் கேக்காதுன்னுட்டார்.”