தோற்க வேண்டிய வண்டி

"இன்ஜின் பெரிசா போடுங்கோ. கார்ப்பரேட்டரும் பெரிசா போடுங்கோ. ஆனா, வண்டி மட்டும் ஓடக் கூடாது!"

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து, எடமலைப்பட்டி புதூரில் இருக்கிற ஜூட்டின் மெக்கானிக் பட்டறை வாசலில் மூச்சு வாங்க நின்றுகொண்டு வேதவதி சொன்ன முதல் வார்த்தை இதுதான். சேறு, மேடு, பள்ளம் என்று தாவிப் போகும் டர்ட் பைக்குக்கு இன்ஜின் மாற்ற வேண்டுமென்றால் ஜில்லா முழுக்க எல்லோரும் ஜூட்டிடம்தான் வருவார்கள். அவள் மகள் சுபஸ்ரீயின் குட்டி பைக்கும் பழைய இன்ஜினைக் கழற்றிப் போட்டபடி உள்ளே நின்றிருந்தது.

"முதல்ல உட்காருங்கம்மா. ஓடாத வண்டிக்கு எதுக்குங்க புது இன்ஜின்?"

"மண்ணச்சநல்லூர்ல ஞாயித்துக்கிழமை பந்தயமாமே! அதுல ஜெயிச்சா பேங்க் வேலையை விட்டுட்டு, கோயம்புத்தூர் போய் ரேஸ் டீம்ல சேரப் போறாளாம். தோத்தா வண்டியை வித்துட்டு, நான் சொல்ற பையனைப் பார்க்கறேன்னு வாக்குக் கொடுத்திருக்கா. ராப்பகலா படிச்சு, பரீட்சை எழுதி வாங்கின வேலை தம்பி. அதை உதறிட்டு சேத்துல உருளப் போறேங்கறா. நீங்கதான் எப்படியாவது தடுக்கணும்!"

ஜூட் சிரிக்கவில்லை. ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை. கைக் கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"கார்ப்பரேட்டருக்குள்ள சின்னதா ஒரு தடுப்பு வச்சிடலாம்மா. என்னதான் முறுக்கினாலும் பாதிதான் திறக்கும். சத்தம் ஊரைக் கூட்டும், வேகம் மட்டும் இருபத்தஞ்சைத் தாண்டாது."

"இருபத்தஞ்சா?" வேதவதிக்குச் சுருக்கென்றது. மகள் தோற்கத்தான் வேண்டும். அதற்காக நாலு பேர் கைகொட்டிச் சிரிக்கும்படியா தோற்க வேண்டும்? "அவ்வளவு மட்டமா வேண்டாம் தம்பி. குழந்தை முகம் வாடிப் போயிடும். முப்பதா வச்சுடுங்கோ."

"சரிங்கம்மா, முப்பது."

"முன்னாடியே ஓட்டிப் பார்த்தா கண்டுபிடிச்சுட மாட்டாளா?"

"புது இன்ஜினை இப்பவே முறுக்கினா பிடிச்சுக்கும், ரேஸ் வரைக்கும் மெதுவா உருட்டித்தான் பழக்கணும்னு சொல்லி வச்சிடுறேன். இன்ஜின் போயிடும்னு சொன்னா எந்தப் பிள்ளையும் முறுக்காதும்மா."

அங்கிருந்து நேரே தாயார் சன்னதிக்குப் போனாள். "தாயாரே, எம் பொண்ணு எப்படியாவது தோத்துடணும். உனக்கு அக்காரவடிசில் பண்ணி சமர்ப்பிக்கறேன்!" பெற்ற பெண் தோற்க வேண்டும் என்று உலகத்தில் எந்தத் தாயாவது வேண்டிக்கொள்வாளா? மனசு உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் உறுத்தட்டும், பேங்க் வேலை பிழைத்தால் சரி.

ஞாயிற்றுக்கிழமை, மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கூட்டம் நெரிந்தது. துறையூர், முசிறி என்று எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமுமாக உறுமிக்கொண்டு நின்றார்கள். நடுவே ஒரே பெண், சுபஸ்ரீ.

கொடி இறங்கியது. அப்பப்பா, என்ன சத்தம்! காதைப் பொத்திக்கொண்டு வேதவதி பார்த்தாள். வண்டிகள் இரைந்த அளவுக்குப் பறந்ததாகத் தெரியவில்லை. தெருநாய் ஒன்று குரைத்துக்கொண்டே கூட ஓடி, ஒரு வளைவில் எல்லோரையும் முந்திக்கொண்டும் போயிற்று. பந்தயம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். இதற்கு முன் அவள் எங்கே பார்த்தாள்?

ஆனால், சுபஸ்ரீ ஒருத்தனைத் தாண்டினாள். இன்னொருத்தனைத் தாண்டினாள். "ரங்கா, இதென்ன சோதனை!" என்று வேதவதி தாலிச் சரடைப் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சுற்றில் மகளுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டிதான். அப்போது என்ன ஆயிற்றோ, வேதவதி பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"விடாதேடி சுபா! முறுக்குடி, இன்னும் முறுக்கு!"

சுபஸ்ரீ முறுக்கினாள். ஜெயித்தும் விட்டாள்.

"அம்மா! கோயம்புத்தூர்மா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டபோது, மகள் மேலிருந்த சேறெல்லாம் வேதவதியின் புதுச் சுங்குடிப் புடவையில் அப்பிக்கொண்டது. மகளை நினைத்தால் பெருமையாக இருந்தது. பேங்க் வேலையை நினைத்தால் அழுகை வந்தது. கோப்பை வாங்க மகள் மேடைக்குப் போனதும், வேதவதி ஜூட்டைத் தேடிப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனாள்.

"இப்படிக் கழுத்தறுத்துட்டேளே தம்பி! தடுப்பே வைக்கலையா?"

"சத்தியமா வச்சேம்மா. உங்க பொண்ணு வண்டி முப்பதைத் தாண்டவே இல்லை."

"அப்புறம் எப்படி ஜெயிச்சா? மத்த பசங்கள்லாம் பழம் தின்னு கொட்டை போட்டவாளாமே!"

ஜூட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க அம்மாங்களும் என்கிட்ட வந்தாங்க, இருபத்தஞ்சே போதும்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா பிள்ளை முகம் வாடக் கூடாதுன்னு அஞ்சு கூட்டிக் கேட்டீங்க."