ஏழு காலண்டர் தாள்

"பூனைய இந்தக் கதிக்கு ஆளாக்குனது இவதான் சார். நல்லா கேளுங்க" என்றாள் ஜெயம்மாள்.

மாட்டாஸ்பத்திரியில் அன்றைக்கு நல்ல கூட்டம். ஆட்டையும் கன்றையும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் அவள் மருமகள் பாவாயியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாவாயி ஒயர் கூடையை மேஜைமேல் வைத்தாள். உள்ளே செவலைப் பூனை. வயிற்றில் பொட்டு முடி இல்லை. பின்னங்கால் இரண்டும் நக்கி நக்கியே புண்ணாகிவிட்டன.

செவலை, ஜெயம்மாளின் மகன் ராசு வளர்த்த பூனை. தெருநாய்க்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தான். அவன் தட்டில்தான் அதற்குச் சோறு, அவன் வயிற்றின்மேல்தான் தூக்கம். ஐந்து மாதத்துக்கு முன்பு கட்டட வேலையில் சாரம் சரிந்து ராசு போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப்போனது இந்தப் பூனையையும், கல்வராயன் மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பாவாயியையும்தான்.

பூனை வேண்டும் என்றாள் ஜெயம்மாள். மருமகளைத்தான் வேண்டாம் என்றாள்.

வரிசையில் நின்றபோதே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியும் விட்டாள். "ஞாயித்துக்கிழம இவ அண்ணன வரச் சொல்லிருக்கன். இவதான் காரணம்னு டாக்டரு வாயால ஒரு வார்த்த வந்துட்டா போதும். ஒந்தங்கச்சிய கூட்டிக்கினு போய்யான்னு சொல்லிடுவன்."

பாவாயி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். மலையை விட்டு வந்தவளுக்கு இருந்தது ராசு இருந்த அந்த ஒரு வீடுதான்.

போன வாரமே டாக்டர் தனசேகரன் பூனையைப் பார்த்துவிட்டார். உண்ணி இல்லை, சொறி இல்லை. ஜெயம்மாள் தடவியிருந்த வேப்பெண்ணெயைத்தான் முதலில் துடைக்கச் சொன்னார். அதை எடுக்கவே பூனை இன்னும் ஜாஸ்தியாக நக்குகிறது என்றார்.

"தோல்ல ஒண்ணும் இல்லம்மா. மனசுலதான். பயமோ ஏக்கமோ வந்தா பூனை தன்னைத்தானே நக்கி ஆத்திக்கும். அது எப்பெப்ப நக்குது, அப்ப வீட்ல என்ன நடக்குதுன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க. காரணம் தெரிஞ்சா நிறுத்திடலாம்" என்று அனுப்பியிருந்தார்.

ஜெயம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எட்டாவது வரை படித்த பாவாயிதான் எழுதினாள். தேதிக் காலண்டரில் கிழித்த ஏழு தாள், பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து.

டாக்டர் வாங்கிப் படித்தார். முகம் கடுத்தது.

"திங்கக்கிழமை காலைல ஆறு மணி. நான் சத்தம் போட்டுத் திட்டினேன், பூனை நக்கியது. சாயங்காலம் ஆறரை. நான் திட்டினேன், நக்கியது. செவ்வாய்க்கிழமை ஆறு மணி... அதேதான்." தாள்களை மேஜையில் போட்டுவிட்டுப் பாவாயியைப் பார்த்தார். "ஏம்மா, மனசாட்சி இருக்கா? இருந்த ஒரு ஆளும் போயி ஏங்கிக் கெடக்குது. அதைப் போய் தினம் ரெண்டு வேளை திட்டுவியா?"

"வாயில்லாத சீவன்கிட்டயா கோவத்த காட்டுறது" என்றாள் ஆட்டுக்குட்டியோடு நின்ற ஒருத்தி.

"நான் சொன்னப்ப யாரு நம்புனீங்க?" என்று ஆரம்பித்த ஜெயம்மாள், டாக்டர் படித்த நேரத்தை ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

காலையில் ஆறு மணி. சாயங்காலம் ஆறரை.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வருஷத் தெவசம் வரைக்கும் விடிந்தால் ஒரு தரம், விளக்கு வைத்தால் ஒரு தரம் ஒப்பாரி வைப்பதுண்டு. ஜெயம்மாளும் மகன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். ராசுவில் ஆரம்பிக்கிற ஒப்பாரி பாவாயியில் வந்து முடியும். 'மலை எறங்கி வந்தவளே, எம்மவன மண்ணுல எறக்கிட்டியே' என்பது தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் செவலை கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டு நக்க ஆரம்பிக்கும்.

பாவாயி இந்த ஐந்து மாதத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பூனையிடமும் இல்லை, மாமியாரிடமும் இல்லை.

"இனிமே திட்ட மாட்டன் சார். புண்ணுக்கு மருந்து குடுங்க" என்றாள் பாவாயி, தரையைப் பார்த்தபடி.

ஜெயம்மாள் நினைத்து வந்தது நடந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும். அவளால் முடியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அது அத்தினியும் பொய்யி. அந்த நேரத்துல கத்துறது நானு. எம்மவனுக்கு அழுவுறன், கூடவே இவள வைவன். இவ வாயே தொறக்க மாட்டா சார்."

டாக்டருக்குக் கோபம் மருமகள்மேல்தான் வந்தது.

"இன்னும் ஒரு வாரம் போயிருந்தா புண்ணு சீழ் பிடிச்சிருக்கும் தெரியுமா? உண்மையை எழுதியிருந்தா, சத்தம் போட்டு அழக்கூடாதுன்னு உங்க மாமியாருக்குச் சொல்லி அனுப்பியிருப்பேனே. ஏம்மா எழுதல?"

பாவாயி கூடைக்குள் கைவிட்டுச் செவலையின் தலையைத் தடவினாள்.

"அதுக்குத்தான் சார் எழுதல. அழுவாதன்னு நீங்க சொல்லிட்டா, அத்த வேற எங்க போயி அழுவாங்க?"