முதுகுக்குப் பின்னால் வந்த வெளிச்சம்

எழுபத்தாறாம் வருஷம் பாகூர் பள்ளி மைதானத்தில், அணுகுண்டு செய்த விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். பேராசிரியர் ஒருவர் மைக்கில் விளக்கிக்கொண்டே வந்தார்.

"இந்த வெள்ளை வெளிச்சம் ஒரு குறியீடு. விஞ்ஞானிகளின் குற்ற உணர்ச்சியைக் காட்டுகிறது."

திரையில் சிப்பாய்கள் வெடிக்கு முதுகைக் காட்டி, கண்ணைப் பொத்தி உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்களும் இப்படித்தான் உக்காந்தோம்" என்றார் அரங்கநாதன். கடல் கடந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர் அவர்.

மனைவி கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். "எங்க?"

"பாலைவனத்துல, பிரெஞ்சுக்காரன் அணுகுண்டு வெடிச்சப்ப. மூடுன கண்ணுக்குள்ள என் கை எலும்பு தெரிஞ்சிது."

"அந்த வெடியின் கதிர்வீச்சு அதிகம் பட்ட ஆண்களுக்குக் குழந்தை பிறக்காமலே போகலாம்" என்றார் பேராசிரியர்.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்து கூட்டம் கலைந்தது. கஸ்தூரி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

"ஏங்க, நாளைக்கு கிருமாம்பாக்கத்துக்குப் பொண்ணு கேட்டுப் போவ வேணாம்."

"நீதானே புடிவாதமா ஏற்பாடு பண்ண?"

"ஆமா. உங்களுக்கு ரெண்டாந்தாரமா வந்து, என் தங்கச்சியும் மலடின்னு பேரு வாங்க வேணாம்."