காதோரத்துப் பீடி

தொம்மை தன்னிடமிருந்த கடைசித் தீக்குச்சியைக் கிழித்து, மாதா சிலை நின்ற குகைக் கெபியில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மெழுகுதிரியை ஏற்றிவைத்தான். "தாயே, இந்தப் பீடிக் கருமத்த எங்கிட்டருந்து எடுத்துப்போடும்" என்று முழங்காலில் நின்று கெஞ்சினான். நடுநடுவே இருமல் வந்து நெஞ்சைப் பிய்த்தது.

அவன் காதில் செருகியிருந்த பீடி மெழுகுதிரியைப் பார்த்துச் சிரித்தது.

"நல்லா எரி தங்கச்சி. தீப்பெட்டி காலி. செபம் முடிஞ்சதும் உங்கிட்டதான் என்னைக் கொண்டுவருவான்."

மெழுகுதிரிக்குப் பகீரென்றது. "நான் அவரோட வேண்டுதலாச்சே! எங்கிட்டயா பீடி பத்தவைப்பாரு?"

"போன வெள்ளிக்கிழமை எரிஞ்சவளும் இதையேதான் கேட்டா. அன்னிக்குப் பத்துனது எங்க அண்ணன்; நான் சட்டைப்பையில இருந்து பார்த்தேன்."

மெழுகுதிரி பயத்தில் மளமளவென்று உருகியது. காற்றைக் கூப்பிட்டுப் பார்த்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் காற்று எங்கே வரும்?

தொம்மை எழுந்தான். கை காதுக்குப் போனது. பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு, கூண்டைத் திறந்து குனிந்தான். பீடியின் நுனி நெருங்க நெருங்க மெழுகுதிரி பதறியது. "ஆண்டவரே, இவரை எரிக்கிற நெருப்பு நானா இருக்க வேண்டாம். என்னை அணைச்சுப்போடும்!"

தொம்மை அப்படியே நின்றான். பிறகு பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தான் ஏற்றிய மெழுகுதிரியைத் தானே ஊதி அணைத்தான்.

கெபி இருண்டது. கருகிய திரியின் புகை மாதாவின் முகத்தை நோக்கி மேலே போனது. கீழே, தொம்மையின் விரல்கள் பீடியைச் சுற்றி மெல்ல இறுகின; இலை நொறுங்கியது.

"தங்கச்சி..." என்றது பீடி. "தங்கச்சி, இருக்கியா?"