பிடரியில் இரண்டு பொட்டு

அவள் மூச்சைக்கூட மெல்ல விட்டாள். கூகைமலையின் பாறை இடுக்கிலிருந்து பல்லி தலையை நீட்டியது.

பிடரியில் கறுப்புப் பொட்டு. ஒன்றல்ல, இரண்டு.



ஊரில் பல்லியைக் கண்டால் துடைப்பத்தைத் தூக்குவார்கள். இவள் லீவு போட்டுவிட்டு மலை மலையாகத் தேடிப் போகிறவள். பார்க்க எல்லாம் ஒரே அச்சுதான். ஆனாலும் இந்தப் பாறைப் பல்லிகளில் மலைக்கு ஓர் இனம். ஒரு மலையை விட்டு இன்னொரு மலைக்குப் போகாது. பஸ் ஏறவா முடியும்?

தாழமலைப் பல்லிக்கு ஒரே பொட்டு.

போன வருடம் ஆபீஸ் பயிற்சி என்று தாழமலைக்குப் போன கணவன், அங்கிருந்து ஒரு பல்லிப் படம் அனுப்பினான். தனக்காக மெனக்கெட்டு எடுத்திருக்கிறானே என்று பூரித்துப்போனாள். பல்லிகளைப் பதிவு செய்யும் செயலியில் அவன் போனில் அவன் பெயரிலேயே கணக்குத் தொடங்கி அதை ஏற்றியதும் அவள்தான்.

அளவு தெரிவதற்காகப் பல்லிக்குப் பக்கத்தில் ஒரு விரல் இருந்தது. மருதாணி வைத்த விரல்.

பயிற்சிக்கு வந்த யாரோ என்றான்.

அவள் துருவிக் கேட்டது பொட்டைப் பற்றி மட்டும். இரண்டு தெரிகிறதே என்றாள். நிழலாக இருக்கும் என்று சிரித்தான். இத்தனை வருடம் பழகிய கண்ணை விட்டுவிட்டு அவன் பேச்சை நம்பினாள்.

இப்போது கண் முன்னாலேயே இரண்டு. பாவி, என் கண்ணையே பொய்யாக்கிவிட்டானே.

கூகைமலைக்குத் தானும் இப்போதுதான் முதல் தடவை வருவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவன், பின்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பூரணி, கெடச்சிருச்சா? எனக்கென்னவோ எல்லாப் பல்லியும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது."

அவள் திரும்பவில்லை. போனை எடுத்துச் செயலியில் அவனுடைய பழைய படத்தைத் திறந்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

இரண்டு பொட்டு.

படத்துக்குக் கீழே தட்டினாள்.

இடம் தவறு. இது தாழமலை அல்ல, கூகைமலை.

அனுப்பினாள்.

அவன் கையிலிருந்த போன் டிங் என்றது.

படித்தான். செல்ஃபிக்கு வைத்திருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மெல்ல அவள் பக்கத்தில் வந்தான். குனிந்தான்.

முதல் முறையாக அந்தப் பல்லியை உற்றுப் பார்த்தான்.