இறுக்கிக் கட்டுங்க, சிஸ்டர்

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா புண்ணு திரும்ப வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் எதுக்குங்க இந்தக் கட்டு?" என்றாள் மனைவி.

"அதே டாக்டர்தான் கட்டுப் போட்டாலும் ஆறிடும்னாரு. உன் காதுல மட்டும் பாதிதான் விழும்," என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

இருபது வருடமாக மிஷின் பக்கத்தில் நின்றே பிழைத்ததில், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கணுக்காலுக்கு மேல் புண் வந்துவிட்டது. வைத்தியம் இரண்டு. ஒன்று ஆபரேஷன். இல்லையென்றால், வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து இறுக்கமாகக் கட்டுப் போட்டுக்கொண்டு, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக் கிடப்பது.

ஐந்து மாதமாக அவர் கிடந்துகொண்டிருந்தார். கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். டீ படுக்கைக்கே வந்தது. டிவி ரிமோட் கையைவிட்டுப் போகவில்லை. இந்தச் சொகுசைக் கத்தி வைத்து அறுத்துக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா?

"ஒத்தை ஆளா கடையில நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

"என் காலைவிட உனக்குக் கடை பெருசாப் போச்சு, இல்ல? கட்டுதான். முடிஞ்சுபோச்சு."

"உங்ககிட்ட மனுஷி வாயைக் குடுப்பாளா," என்று அலுத்துக்கொண்டு அவள் கட்டுப் போடும் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தாள்.

நர்ஸ் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவர் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரார் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கிற மார்க் ஷீட், ரத்தப் பரிசோதனை, விவாகரத்து நோட்டீஸ் என்று எதையும் ஒரு வரி விடாமல் படித்து, அபிப்பிராயமும் சொல்லி அனுப்புகிற மனிதர், தன் புண்ணை மட்டும் இதுவரை கண்கொண்டு பார்த்ததில்லை. பார்த்தால் மயக்கம் வருமாம்.

இன்றைக்கென்று பார்த்து, சுவரிலிருந்த பல்லி அவர் மூக்குக்கு நேராக இறங்கியது. பதறித் திரும்பினார். கண் நேராகக் காலில் போய் விழுந்தது.

மயக்கம் வரவில்லை. புண்ணைத்தான் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று புதுத் தோல்.

நாளைக்கே மிஷின் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், இது ஆறினது என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம். இன்னும் மூணு மாசம் ஆகும்னு சொல்லிடுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க."

நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புதுக் கட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். "கட்டறதுல தப்பில்லண்ணே. புண்ணு மறுபடி வராம இருக்கும்."

"உங்களுக்குக் கோயில் கட்டலாம். அவ ஏதாவது கேட்டா..."

"கேக்க மாட்டாங்க. ஆறியே ரெண்டு மாசமாச்சு. அன்னிக்கே வந்து, 'இவரு கடையில இல்லன்னதும்தான் பழைய கஸ்டமர் எல்லாம் திரும்பி வர்றாங்க, தயவுபண்ணி அவிழ்த்து விட்டுடாதீங்க'ன்னாங்க. நானும்தான் கடைக்கு வர்றேன். போன வாரம் என் பையன் மார்க் ஷீட் குடுத்தேன், அவங்க ஒரு கேள்வி கேக்கல."

கடைக்காரர் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். "அப்போ... இவ்வளவு நேரம் ஆபரேஷன், ஆபரேஷன்னு உசிரை எடுத்தாளே?"

நர்ஸ் கடைசிச் சுற்றை ஒட்டி, காலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவங்க அப்படிச் சொன்னாதான் நீங்க கட்டை விட மாட்டீங்களாம்."