இலையின் சிபாரிசு

"தழைச்சத்து எங்கே? நான் மஞ்சளாகிறேன், நீ தூங்குகிறாயா?" என்று இலை மறுபடியும் கத்தியதும், தொட்டிக்குள் இருந்த வேருக்குப் பொறுமை போய்விட்டது.

"சத்தெல்லாம் என் பக்கத்திலேயேதான் கிடக்கு. அதை உள்ளே இழுக்க மூச்சு வேண்டாமா? கழுத்துவரைக்கும் தண்ணியில நிக்கிறேன். நாளைக்கு அந்தம்மா வரும்போது தயவுசெய்து கொஞ்சம் நிமிர்ந்து நில்லு!"

"நிமிர்ந்து நின்றால் யாருக்கு இரக்கம் வரும்? நான் பார்த்துக்கொள்கிறேன்."

காலையில் வீட்டுக்காரம்மா பால்கனிக்கு வந்தாள். இலை முடிந்தமட்டும் தலையைத் தொங்கப்போட்டது.

"அடடா, வாடிப்போச்சே!" என்று அவள் இன்னும் இரண்டு குவளை ஊற்றிவிட்டுப் போனாள்.

"பார்த்தாயா? உனக்காகச் சிபாரிசு பண்ணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இனிமேலாவது ஒழுங்காக வேலை செய்," என்றது இலை.

பதில் சொல்ல வேர் வாயைத் திறந்தது. தண்ணீர்தான் உள்ளே போனது.